ஆள் அனுப்பியவர்களின் கணக்கு: கொரோனா காலத்து ஓசூர்

ஓசூர் சிப்காட்டில் காலை ஷிஃப்ட் மாறும் நேரம் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே ஐந்து நிமிடம் நின்றால் போதும். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டின் கயிற்றை வைத்தே ஆட்களைப் பிரித்துவிடலாம். ஒரு நிறம் கம்பெனி ஆள், இன்னொரு நிறம் டிரெய்னி, வேறொரு நிறம் காண்ட்ராக்ட். ஒரே லைன், ஒரே மெஷின், ஒரே கேன்டீன் சாம்பார். ஆனால் மூன்றாவது நிறக் கயிற்றில் தொங்கும் கார்டில் முதலாளி என்று இருப்பது கம்பெனியின் பெயர் அல்ல. மூக்கண்டப்பள்ளியிலோ பாகலூர் ரோட்டிலோ மாடியில் ஒரு அறை எடுத்து நடக்கும் ஏதோ ஒரு மேன்பவர் ஏஜென்சியின் பெயர்.

கொரோனா வந்தபோது கம்பெனிகள் பட்ட பாட்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய காட்சியை நாடே பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த மாடி அறைகளில் என்ன நடந்தது என்பதைத்தான் அதிகம் யாரும் கேட்கவில்லை. காண்ட்ராக்டர் என்றாலே கமிஷன் அடிப்பவர் என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. இருந்தாலும், ஒரு தொழிலாளியின் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றும் யார் கை வழியாகப் போகிறதோ அந்தக் கை முடங்கினால் என்ன ஆகும் என்பதை 2020 இந்த ஊருக்குக் காட்டியது. அதைப் பேசாமல் விடுவது தொழிலாளிக்குச் செய்யும் நியாயமும் ஆகாது.

முதலில் நாட்களைப் பார்ப்போம். 2020 மார்ச் 22 ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. 24 செவ்வாய் மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. மேன்பவர் தொழிலில் இருப்பவர்களுக்கு மாதத்தின் கடைசி வாரம் என்பது மஸ்டர் முடிக்கிற நேரம். யார் எத்தனை நாள் வந்தார், எத்தனை மணி நேரம் ஓ.டி. பார்த்தார், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பிடிக்க வேண்டும் என்று கணக்கு கட்டும் நேரம். அந்தக் கணக்கு இருந்ததோ கம்பெனியின் டைம் ஆபீஸில், பயோமெட்ரிக் கருவிக்குள். கேட் பூட்டியாகிவிட்டது. ஷிஃப்ட் இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டால்தான் பில் செல்லும். அவர் வீட்டில் இருக்கிறார். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஜனவரி, பிப்ரவரி பில்களே பாஸ் ஆகாமல் கிடக்கின்றன.

சட்டம் மட்டும் காத்திருக்காது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்பது அப்போது நடைமுறையில் இருந்த 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். ஆயிரத்துக்கு மேல் என்றால் 10-ஆம் தேதி. அதனால் பல ஏஜென்சிகள் வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர்கள் அனுப்பிய கைக்கணக்கை வைத்துத்தான் மார்ச் மாதச் சம்பளத்தைப் போட்டன. போடாமல் போனை அணைத்து வைத்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு கணக்கு போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தொழிலின் மூச்சுத் திணறல் வெளியாருக்குப் புரியாது.

இருநூறு ஆட்களை அனுப்பும் ஒரு நடுத்தர காண்ட்ராக்டரை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மாதம் 12,000 ரூபாய் என்றால் சம்பளம் 24 லட்சம். முதலாளி பங்கான பி.எஃப்., அதற்கான இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், அதாவது 3,12,000. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 78,000. ஆக 27,90,000. இதன்மேல் 6 சதவீதம் சேவைக் கட்டணம் என்று வைத்தால் 1,67,400. இதுதான் அவருடைய வருமானம். ஆபீஸ் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், பைக்குப் பெட்ரோல், வட்டி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். மொத்தத் தொகையான 29,57,400-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் வரி மட்டும் 5,32,332. பில் தொகை கிட்டத்தட்ட 35 லட்சம்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 7-ஆம் தேதி சம்பளம். 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான். 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கம்பெனி பணம் தருவது 60 நாள் கழித்து. சில இடங்களில் 90 நாள். அதாவது தன் கைக்கு வராத பணத்துக்கு வரியையும் அவர்தான் முன்னால் கட்டுகிறார். சம்பளம், சலான், வரி சேர்த்து இரண்டு மாதம் என்றால் 66 லட்சம் வெளியே நிற்கும். அதற்கு மாதம் ஒன்றரை வட்டி போட்டால் ஒரு லட்சம். வருமானம் 1,67,400 என்பதை மறந்துவிடக் கூடாது. மாதச் சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை இந்த வண்டி ஓடும். ஒரு மாதம் நின்றாலும் கவிழும். 2020 ஏப்ரல், மே இரண்டு மாதமும் நின்றது.

சொல்லப்போனால் சக்கரம் அதற்கு முன்பே தள்ளாடத் தொடங்கியிருந்தது. 2019-இல் வாகன விற்பனை படுத்தபோது அசோக் லேலண்ட் அந்த செப்டம்பரில் தன் ஆலைகளில் வேலையில்லா நாட்களை அறிவித்தது. ஓசூருக்கு ஐந்து நாள் என்று வந்தது. ஓசூரில் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார் போன்ற பெரிய ஆலைகளுக்கு தும்மல் வந்தால் அவற்றுக்கு பாகம் செய்து கொடுக்கும் சிப்காட், சிட்கோ பட்டறைகளுக்குக் காய்ச்சலே வரும். பட்டறையில் முதலில் நிறுத்தப்படுவது காண்ட்ராக்ட் ஆள். 2020 ஏப்ரல் 1-இலிருந்து பி.எஸ். 6 புகைத் தர வாகனங்கள்தான் விற்க வேண்டும் என்பதால் நிதியாண்டின் கடைசியில் உற்பத்தி கொரோனாவுக்கு முன்பே குறைந்திருந்தது. கொரோனா வந்து அடித்தது ஏற்கனவே இளைத்திருந்த உடம்பை.

மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணை போட்டது. ஊரடங்கு நாட்களுக்கும் எந்த முதலாளியும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் தர வேண்டும் என்றது. அதற்கு முன்பே மார்ச் 20-இல் தொழிலாளர் அமைச்சகம், குறிப்பாகத் தற்காலிக, ஒப்பந்தத் தொழிலாளர்களை வேலையைவிட்டு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல வார்த்தைகள். ஆனால் "முதலாளி" யார்?

கம்பெனியைக் கேட்டால், ஆள் உள்ளே வரவில்லை, வேலை நடக்கவில்லை, பில் கிடையாது. அவர்கள் உங்கள் ஆட்கள் என்றது. காண்ட்ராக்டரைக் கேட்டால், பில் பாஸ் ஆகாமல் எங்கிருந்து தருவது என்றார். அப்போது நடைமுறையில் இருந்த 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. சம்பளம் தருவது காண்ட்ராக்டரின் பொறுப்பு. அவர் தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ முதன்மை முதலாளி, அதாவது கம்பெனி, தந்துவிட்டுப் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். சம்பளம் பட்டுவாடா ஆகும்போது கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றுகூட 21-ஆம் பிரிவு சொன்னது. அப்போதே ஐம்பது வருடமாக இருந்த சட்டம். ஊரடங்கில் அதை நீட்டிப்பிடித்துக் கேட்க எந்தத் தொழிலாளியால் முடியும்? பஸ் இல்லை, லேபர் ஆபீஸ் போக வழியில்லை.

உள்துறை ஆணை மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், அந்த ஆணையின் பேரில் முதலாளிகள்மீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. பேசுவது என்றால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒப்பந்தத் தொழிலில் மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் அப்போது ஜார்க்கண்டிலோ ஒடிசாவிலோ ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலோ இருந்தார்.

அரசு உதவவே இல்லையா? உதவியது. எந்தத் தலையை எப்படி எண்ணி உதவியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மார்ச் 26-இல் அறிவித்த கரீப் கல்யாண் திட்டத்தில், நூறு பேர் வரை வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு, அவர்களில் 90 சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் கீழ் வாங்கினால், தொழிலாளி பங்கு 12, முதலாளி பங்கு 12 என மொத்தம் 24 சதவீத பி.எஃப்.-ஐ அரசே கட்டியது. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் வரை. சிட்கோவில் நாற்பது பேரை நேரடியாக வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு இது பெரிய மூச்சு. அதே நாற்பது பேரை ஏஜென்சி வழியாக எடுத்திருந்தால்? ஏஜென்சியின் பி.எஃப். கோடில் இன்னும் ஏழெட்டுப் பட்டறைகளின் ஆட்களும் சேர்ந்து முந்நூறு தலை இருக்கும். நூறைத் தாண்டியாயிற்று, உதவி இல்லை. ஒரே தெருவில், ஒரே லேத்தில், ஒரே சம்பளத்துக்கு நிற்கும் இருவரில் ஒருவருடைய பி.எஃப்.-ஐ அரசு கட்டியது. மற்றவருடையதை அவர் கார்டில் இருந்த பெயர் தடுத்துவிட்டது. சம்பளப் பட்டியலை வைத்துப் பார்த்தால் 15,000-க்குக் கீழே வாங்குபவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களில்தான் அதிகம். யாருக்காக வந்ததோ அவர்களையே திட்டம் தவறவிட்டது.

ஜி.எஸ்.டி. அவகாசமும் இப்படித்தான். வருட விற்றுமுதல் ஐந்து கோடிக்குள் என்றால் தாமதமாகக் கட்டினாலும் குறிப்பிட்ட தேதி வரை வட்டி இல்லை. ஐந்து கோடியைத் தாண்டினால் 15 நாள் மட்டும் சலுகை, அதன்பின் 9 சதவீத வட்டி. மேலே போட்ட கணக்கையே முந்நூறு ஆளுக்குப் போட்டால் வருடத்துக்கு ஐந்து கோடியே முப்பது லட்சம் வரும். அதில் ஐந்து கோடி தொழிலாளியின் சம்பளமும் அவன் பி.எஃப்.-உம் இ.எஸ்.ஐ.-யும். அது ஏஜென்சியைத் தொட்டுவிட்டுப் போகும் பணம். காகிதத்தில் அவர் பெரிய நிறுவனம். கையில் மாதம் இரண்டரை லட்சம், அதிலும் பாதிக்கு மேல் வட்டிக்கு.

மே மாதம் அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த வங்கிக் கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். வங்கியில் கடன் இருந்தவருக்குக் கிடைத்தது. இந்தத் தொழிலில் அடமானம் வைக்க மெஷினோ கட்டடமோ கிடையாது. மேஜை, கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், அவ்வளவுதான். அதனால் பலருக்கு வங்கியே பழக்கமில்லை. சீட்டு, தெரிந்தவரிடம் கைமாற்று, பைனான்ஸ், வீட்டு நகை, இவைதான் மூலதனம். நகையும் ஏப்ரலிலேயே அடகுக்குப் போயிற்று.

அந்த மாடி அறைகளில் நடந்த ஒரு காட்சியைக் கிட்ட இருந்து பார்க்கலாம். மார்ச் 28-இல் பி.எஃப். நிறுவனம் கொரோனாவுக்கென்று தனியாக முன்பணம் எடுக்க அனுமதித்தது. சேமிப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இதில் எது குறைவோ அது. திருப்பிக் கட்ட வேண்டாம். கையில் காசில்லாமல் ரூமில் அடைபட்டிருந்தவனுக்கு இது தன் பணம், தன் உரிமை. போனில் தன் பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணைப் போட்டான். ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்று திரை சொன்னது. அவன் போனுக்கு ஒன்றும் வரவில்லை.

சேர்ந்த அன்று முப்பது பேருக்கு ஒரே நாளில் கணக்கு திறக்க வேண்டியிருந்த அவசரத்தில், ஏஜென்சியின் கிளார்க் தன் ஆபீஸ் நம்பரையே எல்லாருக்கும் கொடுத்திருந்தார். ஓ.டி.பி. வந்தது அந்த போனுக்கு. அது பூட்டிய ஆபீஸின் மேஜை டிராயரில் கிடந்தது. வேறொருவனுக்கு ஆதாரில் ஒரு எழுத்து, பி.எஃப்.-இல் வேறு எழுத்து. இன்னொருவனுக்கு அப்பா பெயர் வர வேண்டிய இடத்தில் ஊர் பெயர். திருத்த வேண்டுமானால் முதலாளி டிஜிட்டல் கையெழுத்தோடு ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்து இருந்த பென் டிரைவும் ஆபீஸில்தான். பத்து வருடமாக "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட சின்னச் சின்னக் கவனக்குறைவுகள் ஒவ்வொன்றும் அந்த ஏப்ரலில் யாரோ ஒருவருடைய அரிசி மூட்டையைத் தடுத்தன. இதற்குக் கொரோனாவைக் குறை சொல்ல முடியாது. ஏஜென்சிகள் தங்கள் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியது இது. வீட்டில் சொல்லிக்கொண்டு, போலீஸுக்குக் காரணம் சொல்லி, ஆபீஸைத் திறந்து அந்த போனை எடுத்துவந்து, நாள் முழுக்க ஓ.டி.பி. படித்துச் சொன்ன கிளார்க்குகளும் இதே ஊரில் இருந்தார்கள். அவர்களையும் சொல்லத்தான் வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அப்போது ஒரு தனிப் பெருமை இருந்தது. ஏப்ரல் 30 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே ஒரே பச்சை மண்டலம் கிருஷ்ணகிரிதான். பச்சை என்றதும் கம்பெனிகள் சீக்கிரம் திறக்கும் என்று எதிர்பார்ப்பு. மே மாதத் தொடக்கத்திலேயே தொற்று உள்ளே வந்துவிட்டது, பச்சை போயிற்று.

அது போனதைவிடப் பெரிய தொல்லை எல்லை. ஓசூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. சாதாரண நாளில் டீ குடிக்கப் போய்வரும் தூரம். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகினி, எலக்ட்ரானிக் சிட்டி என்று கர்நாடகப் பக்கத் தொழிற்பேட்டைகளுக்கு ஓசூரிலிருந்து தினமும் ஆள் போகும். அந்தப் பக்கத்திலிருந்து சிப்காட்டுக்கு ஆள் வரும். ஓசூர் ஏஜென்சிகளில் பலவற்றுக்கு இரண்டு மாநிலத்திலும் வேலை. சிலருக்கு லைசென்ஸே இரண்டு. ஊரடங்கில் அந்தக் கோடு சுவரானது. வேலூர் பக்கம் ஆந்திர எல்லைச் சாலைகளில் உண்மையிலேயே ஹாலோ பிளாக் கல் வைத்துச் சுவர் எழுப்பி, பிறகு இடித்தார்கள். ஓசூர் எல்லையில் அந்த வேலையைப் பாஸ் செய்தது. மே 18-இல் கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலத்தவர் மாத முடிவுவரை உள்ளே வரக் கூடாது என்றது. இந்தப் பக்கம் இ-பாஸ், அந்தப் பக்கம் சேவா சிந்து இணையதளத்தில் பதிவு. ஜூன் 1-இல் தமிழ்நாட்டில் பஸ் ஓடத் தொடங்கியபோது மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். தருமபுரி, வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டையோடு கிருஷ்ணகிரி ஒரு மண்டலம். சேலம் வேறு மண்டலம். சேலத்து ஆளுக்கு ஓசூர் வர இ-பாஸ் வேண்டும். ஜூலை 14-இலிருந்து பெங்களூருவில் ஒரு வாரம் மறுபடி முழு ஊரடங்கு. செப்டம்பர் 1-இல் மாவட்டங்களுக்கிடையே இ-பாஸ் ரத்தானபோதும் வெளிமாநிலத்திலிருந்து வருபவருக்கு அது தொடர்ந்தது. அத்திப்பள்ளி வெளிமாநிலம்!

ஒரு ஏஜென்சியின் சூப்பர்வைசருக்கு அந்த மாதங்களில் வேலையே பாஸ் விண்ணப்பிப்பதுதான். இருபது பேருக்குப் போட்டால் எட்டுப் பேருக்கு வரும். எட்டுப் பேரை வைத்து லைன் ஓடாது. ஆள் குறைந்தால் கம்பெனி அபராதம் பிடிக்கும் என்பது சில ஒப்பந்தங்களில் எழுத்திலேயே உண்டு.

வேடிக்கை பார்க்க நேரமில்லாத திருப்பம் அதற்குப் பின் வந்தது. ஏப்ரலில் ஆளுக்கு வேலை இல்லை. ஜூலையில் வேலைக்கு ஆள் இல்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் மே மாதம் சிறப்பு ரயில்களில் போயாகிவிட்டது. மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளுக்கும் அதே மே, ஜூன், ஜூலைதான் பருவம். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கும். அது யாருக்காகவும் காத்திருக்காது, அழுகிவிடும். சிப்காட்டில் நிறுத்தப்பட்ட உள்ளூர் ஆட்களில் பலருக்குக் கூழ் ஆலை கைகொடுத்தது. கம்பெனிகள் திறந்து ஆளைக் கூப்பிட்டபோது அவர்களும் உடனே கிடைக்கவில்லை.

போனவர்களைத் திரும்ப அழைக்க அட்வான்ஸ், பயணச் செலவு. வந்தவர்களைப் பதினான்கு நாள் தனியாக வைக்க ரூம் வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு. எட்டுப் பேர் படுத்த அறையில் நான்கு பேர்தான். ஐம்பது சீட் பஸ்ஸில் இருபத்தைந்து பேர்தான். பஸ் வாடகை மட்டும் பாதியாகாது. மாஸ்க், சானிடைசர், கம்பெனி கேட்டால் டெஸ்ட். 6 சதவீதச் சேவைக் கட்டணத்தில் இவை எந்தக் கட்டத்தில் வரும் என்று ஒப்பந்தம் எழுதியபோது யாரும் நினைக்கவில்லை. தானே முன்வந்து ஏற்றுக்கொண்ட கம்பெனிகள் உண்டு. "உங்க ஆளுங்க, நீங்க பார்த்துக்கங்க" என்றவையும் உண்டு. இரண்டாவது வகையில் ஏஜென்சி அந்தச் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் மெஸ், ரூம் என்ற பெயரில் பிடித்தது. பாரம் எப்போதும் கீழ்நோக்கித்தான் உருளும்.

அப்படி உருண்டது எங்கே போய் முட்டும் என்பதை அந்த டிசம்பரில் பக்கத்து மாவட்டம் காட்டியது. ஓசூரிலிருந்து மாலூர் வழியாகப் போனால் கோலார் மாவட்டம் நரசாபுரா. அப்போது அங்கே ஐபோன் செய்துகொண்டிருந்தது விஸ்ட்ரான் ஆலை. 2020 டிசம்பர் 12 சனிக்கிழமை காலை, ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்கள் கண்ணாடிகளை உடைத்தார்கள், வண்டிகளைக் கவிழ்த்தார்கள். உள்ளே நேரடி ஊழியர்கள் ஆயிரத்து முந்நூறு சொச்சம். ஏஜென்சிகள் வழியாக வந்தவர்கள் எட்டாயிரத்துக்கு மேல். சில மாதத்திலேயே ஆட்களை மளமளவென்று ஏற்றியிருந்தார்கள். எட்டு மணி ஷிஃப்ட் பன்னிரண்டு மணி ஆனது. வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கம்பெனி ஏஜென்சிக்கு அனுப்பிய கணக்குக்கும் ஏஜென்சி தொழிலாளிக்குப் போட்ட பணத்துக்கும் பொருந்தவில்லை. சிலருக்குச் சம்பளம் சரியாகவும் உரிய நேரத்திலும் போகவில்லை என்று விஸ்ட்ரான் பின்னர் ஒப்புக்கொண்டது. இந்தியத் தொழிலைக் கவனித்த துணைத் தலைவரை நீக்கியது. ஆப்பிள் புது வேலைகளை நிறுத்தி வைத்தது. வன்முறையை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பேசுவதற்கு யாரிடம் போவது என்று தெரியாமல், ஏஜென்சி கம்பெனியையும் கம்பெனி ஏஜென்சியையும் கைகாட்டிய நாட்களை எண்ணிப் பார்த்தால் அந்தக் கோபத்தின் ஊற்று புரியும்.

வேறு நாடுகளில் இந்த மூன்றாவது ஆளை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள்? ஜெர்மனியில் வேலை குறையும்போது அரசு சம்பளத்தின் ஒரு பகுதியை ஈடுகட்டும் குறுகிய நேர வேலைத் திட்டம் நெடுங்காலமாக உண்டு. 2020 மார்ச்சில் அதை ஏஜென்சித் தொழிலாளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். பிரிட்டன் அரசு சம்பளத்தில் 80 சதவீதம் தந்த திட்டத்தில் ஏஜென்சி ஊழியர்களும் அடக்கம். ஏஜென்சியே அரசிடம் கேட்டு வாங்கித் தரலாம். ஆக, வழி இல்லாத விஷயம் இல்லை. எண்ணும்போது தலையைத் தொழிலாளியிடம் எண்ண வேண்டும், பி.எஃப். கோடு எண்ணில் அல்ல. அதே ஜெர்மனியில் ஜூன் மாதம் ட்யோனீஸ் இறைச்சி ஆலையில் 1,500 பேருக்கு மேல் தொற்று வந்தது. பெரும்பாலும் துணை ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்து நெருக்கியடித்துத் தங்கவைத்த கிழக்கு ஐரோப்பியர்கள். 2021 ஜனவரி முதல் இறைச்சித் தொழிலில் அந்தத் துணை ஒப்பந்தத்தையே தடைசெய்தார்கள். நம் பிள்ளைகள் இருக்கும் சிங்கப்பூரிலும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில்தான் தொற்று பற்றியெரிந்தது. அந்த வருடக் கடைசியில் விடுதித் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது.

இந்தியாவில் 2020 அக்டோபர் 1 முதல் ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் யோஜனா வந்தது. புதிதாக எடுக்கும் ஆட்களுக்கு இரண்டு வருடம் பி.எஃப். உதவி. ஆயிரம் பேர் வரையுள்ள நிறுவனங்களுக்கு 24 சதவீதம். அதற்கு மேல் தொழிலாளி பங்கான 12 மட்டும். வரம்பு நூறு பேரிலிருந்து ஆயிரம் பேராக உயர்ந்ததில் ஓசூரின் நடுத்தர ஏஜென்சிகள் முதல்முறையாக உள்ளே வந்தன. உதவி கிடைத்தது புது ஆளுக்குத்தான். ஊரடங்கிலும் ஆளை நீக்காமல் வட்டிக்கு வாங்கி அரைச் சம்பளமாவது போட்டு வைத்திருந்தவருக்கு அந்த ஆட்களின் பேரில் ஒன்றும் இல்லை. கைவிடாமல் இருந்ததற்கு இப்படி ஒரு பலன்.

இரண்டாம் அலையில் கர்நாடகம் 2021 ஏப்ரல் 27 இரவே பூட்டியது. தமிழ்நாடு மே 10-இல். மறுபடி இரண்டு பக்கம், இரண்டு சட்டம். இந்த முறை வித்தியாசம், ஆட்கள் அதிகமாக இறந்தார்கள். முதல் அலையில் வேலை போன செய்தி வந்த போன்களுக்கு இப்போது ஆக்ஸிஜன் படுக்கை கேட்டு அழைப்பு வந்தது. இ.எஸ்.ஐ. நம்பர் என்ன, கார்டு எங்கே, சந்தா கட்டியிருக்கிறதா?

அந்தச் சந்தாவை மாதாமாதம் ஏஜென்சியின் கிளார்க் ஒரு இணையப் பக்கத்தில் ஏற்றுகிறார். தொழிலாளியின் பெயர், வந்த நாள், சம்பளம். வந்த நாள் பூஜ்யம் என்று போட்டால் பக்கத்தில் ஒரு கட்டம் காரணம் கேட்கும். விடுப்பு, வேலையை விட்டுவிட்டார், ஆட்குறைப்பு, வேலை இல்லை என்று ஒரு பட்டியல் இறங்கும்; ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏப்ரல், மே 2020-இல் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு எதிரே பூஜ்யம் போட வேண்டியிருந்தது. எதைத் தேர்ந்தாலும் சலான் எடுக்கும், வரிசை நகரும். ஆகவே அவசரத்தில் எது கையில் பட்டதோ அது.

வேலை இழந்தவருக்கு மூன்று மாதத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி தரும் அடல் திட்டம் இ.எஸ்.ஐ.-இல் அப்போது இருந்தது. "விடுப்பு" என்று பதிவான ஆள் அதைக் கேட்க முடியாது. அவர் காகிதத்தில் வேலையில்தான் இருக்கிறார். 2021 ஜூனில் இ.எஸ்.ஐ. கொரோனா நிவாரணத் திட்டம் வந்தது. தொற்றில் இறந்தவரின் குடும்பத்துக்கு அவருடைய சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம். நோய் உறுதியான அன்று அவர் வேலையில் இருந்திருக்க வேண்டும், பின்னர் தளர்த்திய விதிப்படி அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 35 நாளுக்காவது சந்தா இருக்க வேண்டும். "வேலையை விட்டுவிட்டார்" என்று பதிவாகியிருந்தால் அந்த வீட்டுக்கு ஒன்றும் வராது. மாடி அறையில் ஒரு கிளார்க், மின்சாரம் போய் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், எந்தக் கட்டத்தைத் தேர்ந்தாரோ அதைப் பொறுத்து ஒரு பெண் கையில் மாதாமாதம் அந்தப் பணம் வந்தது, அல்லது வரவில்லை.

ஓசூர் பக்கம் இப்போது மறுபடி ஆள் எடுக்கும் காலம். போச்சம்பள்ளியில் ஓலா வந்தது, கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்தது, புதுப் புது நிறத்தில் கயிறுகள் வந்தன. மாடி அறைகளில் இன்றும் மாதம் 15-ஆம் தேதிக்குள் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள். வராத ஆளின் பெயருக்கு எதிரே பூஜ்யம் போட்டதும் அந்தக் கட்டம் இன்றும் காரணம் கேட்கிறது.